எதிராளிக்கு இழுத்த பாதை

“…அவ பந்துக்கும் குழிக்கும் நடுவுல சின்னதா ஒரு மேடு தட்டுச்சுங்கய்யா. ஆணிச் செருப்பு கிளப்பிவிட்ட புல்லு. நான் பாட்டுக்குப் போயி காலால அமுக்கி விட்டுட்டேன். நம்மூர்ல அப்படித்தானே செய்வோம்?” என்று சொல்லி நிறுத்தினாள் நஸ்ரின்.

எங்கள் கல்லூரிச் செயலரின் அறை அது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள், அவளுக்குச் சற்றுப் பின்னால் பயிற்சியாளன் என்ற பெயரில் நான். மலையில் நடந்த போட்டியில் தோற்று, வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்த மறுநாள். கோப்பை இல்லையென்றால் கோல்ஃப் அணி இல்லை என்று செயலர் ஏற்கெனவே கெடு வைத்திருந்தார். ஆகவே அவள் சொல்லிக்கொண்டிருந்தது தோல்விக்கான காரணம் மட்டுமில்லை. அணி இருக்குமா, கலையுமா என்பதும் அதில்தான் இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம், எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி. போன மாதம் போன் செய்து, “சார், மில்லு மைதானத்துல எண்ணெய் மண்ணைப் பூரா வாரிட்டுப் புல்லு போட்டாச்சு. ஒரு நடை வந்து பாருங்க” என்றான். போய்ப் பார்த்தேன். கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. “பழசே இருந்திருக்கலாம்னு தோணுதா சார்?” என்றான். “தோணலப்பா. அந்த எண்ணெய்க் கறைக்கு என் வீட்டுல வாங்குன ஏச்சே இந்த ஜென்மத்துக்குப் போதும்” என்றேன். ஆனால் சுவரோரம் சாத்தி வைத்திருந்த ஓர் இரும்புக் குழாயைக் காட்டி, “இத வச்சு என்ன சார் பண்ணுவீங்க?” என்று அங்கே இருந்த பிள்ளைகள் கேட்டபோது, நின்ற வாக்கில் சொல்லி முடிக்க முடியவில்லை. கல்லூரி மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அணி பின்னாளில் வாங்கிய கோப்பைகள் எல்லாம் முதல்வர் அறை அலமாரியில் இருக்கின்றன, யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது அந்த அலமாரியில் இல்லாத ஒரு கோப்பையைப் பற்றி.

நான் பூப்பந்து ஆட்டக்காரன். உடற்கல்வித் துறையில் உதவியாளனாகச் சேர்ந்தவன். கோல்ஃப் என்றால் பணக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு நடப்பது என்ற அளவுக்குத்தான் தெரியும். எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது மூன்று பை நிறைய கோல்ஃப் மட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். செயலர் என்னைக் கூப்பிட்டு, “வந்த பொருள் சும்மா கெடக்கக் கூடாது. என்ன செய்யலாம்?” என்றார். “கத்துக்கிறேங்கய்யா” என்றேன். வாயில் வந்துவிட்டது. பையோடு வந்த சட்டப் புத்தகமும் இரண்டு சிடியும்தான் எனக்கு வாத்தியார். ஒரு வருடம் கையில் கொப்புளமும் இடுப்பில் தைலமுமாகப் போயிற்று. “நெல்லு குத்துற மாதிரி இருந்தது, இப்ப களை வெட்டுற மாதிரி இருக்கு. முன்னேத்தம்தான்” என்று என் மனைவி சான்றிதழ் கொடுத்த பிறகு, மாணவர்களைத் தேடினேன்.

பையன்கள் வரவில்லை. “பந்து அங்க கெடக்கும், நாமதான் நடந்து போகணுமா? அதுக்கு நான் அழகருக்கு நேர்ந்துக்கிட்டு நடந்தா புண்ணியமாச்சும் கெடைக்கும் சார்” என்றான் ஒருவன். பெண்கள் வந்தார்கள். ஓட வேண்டாம், மேலே விழ வேண்டாம், பேசிக்கொண்டே போகலாம் என்பதுதான் முதலில் அவர்களை இழுத்தது. கவிதா, மேகலா, நஸ்ரின் என்று மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேர்தான் ஓர் அணி.

நஸ்ரினின் அத்தாவுக்குக் காஜிமார் தெருவில் தையல் கடை. மகளைச் சேர்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தார். மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ஜெயிச்சது யாருன்னு எப்படி சார் தெரியும்?” என்று கேட்டார். “குறைஞ்ச அடியில பந்தைக் குழிக்குள்ள போட்டவங்க ஜெயிச்சவங்க பாய். எத்தனை அடின்னு அவங்கவங்களே சொல்லணும். பெரும்பாலும் நடுவர் பக்கத்துல இருக்க மாட்டார்” என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. “நம்ம தொழில் மாதிரிதான். உள்தையலை எவன் பிரிச்சுப் பாக்கப் போறான்? தைக்கிறவனுக்குத் தெரியும்” என்றார். மறுவாரம் மூன்று பைகளுக்கும் புது வார் தைத்து அனுப்பினார்.

இனி அந்த இரும்புக் குழாய்க்கு வருகிறேன். கப்பலூர் தாண்டி ஒரு நூல் மில்லின் பின்புறம், கருவேலம் வெட்டிய பொட்டலில் ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு. மில்லை ஆரம்பித்தவர் தன் அதிகாரிகளுக்காகப் போட்டது. மற்ற ஊர்களில் குழியைச் சுற்றி மெத்தை மாதிரிப் புல் இருக்கும். எங்கள் பக்கம் அந்தப் புல்லுக்கு ஊற்றத் தண்ணீருக்கு எங்கே போவது? அதனால் குழியைச் சுற்றி வட்டமாக ஆற்று மணல் பரப்பி, அதில் எஞ்சின் கழிவெண்ணெயைக் கலந்து அமுக்கியிருப்பார்கள். காற்றுக்குப் பறக்காது, மழைக்குக் கரையாது. புல் உள்ள இடத்தை ‘கிரீன்’ என்பார்கள். எங்களுடையதன் பெயர் ‘பிரவுன்’.

அந்த எண்ணெய் மணலில் நடந்தால் காலடி பதியும். பந்து காலடியில் விழுந்தால் திசை மாறும். அதனால் கடைசி உருட்டலுக்கு முன்னால், நீளப் பிடி போட்ட ஓர் இரும்புக் குழாயைப் பந்திலிருந்து குழிவரை ஒரு தடவை இழுத்து மணலைச் சமன் செய்துகொள்ளலாம். அதுதான் பாதை. ஒரே ஒரு இழுப்பு. இதில்தான் மில் அதிகாரிகளுக்குள் ஒரு காலத்தில் பெரிய சண்டை. குழாயை லேசாகச் சாய்த்து இழுத்தால் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் விழும், பந்து அதற்குள்ளேயே ஓடிக் குழியில் விழுந்துவிடும். “நீ வாய்க்கால் வெட்டுன”, “நீதான் வரப்புக் கட்டுன” என்று சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போயிருக்கிறது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உன் பாதையை நீ இழுக்கக் கூடாது, உன் எதிராளிதான் இழுத்துத் தர வேண்டும். மைதானத்தைப் பார்த்துக்கொண்ட சோணை அண்ணன் இதை முதல் நாளே எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்: “உன் பாதை அவ கையில, அவ பாதை உன் கையில. பெறவு என்னத்துக்குச் சண்டை?”

எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் எங்கள் பிள்ளைகள் ஆட்டத்தைக் கற்றதே இதோடு சேர்த்துத்தான். எதிராளியின் பந்து பிரவுனில் வந்து நின்றதும், கை தானாகக் குழாயைத் தேடும். நஸ்ரின் இழுப்பதைப் பார்க்க வேண்டும். பின்னால் நடந்துகொண்டே, இரு கையையும் ஒரே மட்டத்தில் பிடித்து, பெண்கள் கோலத்துக்கு வாசலை மெழுகுவது மாதிரி இழுப்பாள். எதிராளிக்கு இழுக்கிறோமே, கொஞ்சம் ஏனோதானோ என்று விடுவோம் என்பது அவளிடம் கிடையாது. “நல்லா இழுத்துக் குடுத்தும் அவ போடலேன்னா அது அவ பாடு. நான் கெடுத்து அவ போடலேன்னா அது என் பாடுல்ல?” என்பாள்.

செயலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூல் வியாபாரக் குடும்பம். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதையும் இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை கேட்டுப் பதிலை வாங்கிக்கொள்வார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துண்டின் நுனியால் நிதானமாகத் துடைப்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே கேள்வியை அப்படியே மறுபடி கேட்பார். அவருக்கு முதல் பதில் கணக்கில்லை. “மொதத் தடவை சொல்றது வாயி. ரெண்டாந் தடவை சொல்றதுதான் ஆளு” என்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அந்தத் துடைப்பில் வியர்த்துவிடுவார்கள்.

அணி ஆரம்பித்து இரண்டு வருடம் எங்கு போனாலும் கடைசி இடம். கப்பலூருக்குப் போய்வரக் கல்லூரி வேன் வேண்டும். அதே வேன் ஹாக்கி அணிக்கும் வேண்டும். ஹாக்கிப் பயிற்சியாளர் செல்வராசு எனக்கு ரொம்ப வேண்டியவர், ஆனால் வேன் விஷயத்தில் விரோதி. “என்னண்ணே, குழிக்குள்ள போட்டுட்டு நீங்களே குனிஞ்சு எடுக்கப் போறீங்க. அதுக்கு எதுக்கு வேனு? நம்ம கிரவுண்டுலயே ஒரு குழியை வெட்டிக்கோங்க. நான் வேணா வெட்டித் தாரேன்” என்பார். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் செயலர் எங்கள் இருவரையும் நிற்க வைத்து, தன் வழக்கப்படி இரண்டு தடவை கேட்டுவிட்டு, முடிவு சொன்னார். இந்த வருடம் கோல்ஃப் கோப்பை வந்தால் வேன் பாதிப் பாதி. வரவில்லை என்றால் மட்டைகள் ஸ்டோர் ரூமுக்கு, வேன் ஹாக்கிக்கு.

அந்த வருடப் போட்டி மலையில், புல் மைதானத்தில். மணலில் பந்து முக்கி முனகி ஓடும். புல்லில் வழுக்கிக்கொண்டு ஓடும். மணலில் பழகிய கைக்குப் புல்லில் எல்லாம் குழியைத் தாண்டித்தான் போகும். புல்லுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, ஆடி மாதம் பிறந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபம் எல்லாம் பூட்டிக் கிடக்கும். ஆரப்பாளையத்தில் ஒரு மண்டபத்தின் மேனேஜரைப் பிடித்தேன். மணமேடை தொடங்கி வாசல்வரை பச்சைக் கம்பளம் விரித்துத் தந்தார். கம்பளத்தில் பந்து ஏறக்குறையப் புல்லில் ஓடுகிற வேகத்தில் ஓடும். ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து வைத்தால் அதுதான் குழி. மேடைக்குப் பின்னால் போன மாதத்து மாப்பிள்ளை பெயர் பாதி கிழிந்து தொங்கியது. அதன் கீழே மூன்று பிள்ளைகளும் மாதம் முழுக்க உருட்டினார்கள். மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். “ஆடியில என் மண்டபத்துக்கு வந்த ஒரே பார்ட்டி நீங்கதான் சார். சாப்பாடுதான் இல்ல” என்பார்.

வேகத்துக்குப் பழக்கிவிட்டேன். சட்டங்களைச் சொல்லிக் கொடுத்தேன். புல்லில் தன் பாதையை ஒருவர் தொட்டுச் சரி செய்யக் கூடாது என்பது அப்போதைய சட்டம். அது மூவருக்கும் மனப்பாடம். “எம் பாதையை நான் தொட மாட்டேன் சார், அது இங்கயே அப்படித்தானே” என்று சிரித்தாள் நஸ்ரின். எதிராளியின் பாதையை ஒரு ஆள் தானாகப் போய்ச் சரி செய்வாள் என்று சட்டம் எழுதிய யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நாங்களும் நினைக்கவில்லை.

மலையில் எங்கள் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கவிதாவும் மேகலாவும் முடித்து வந்துவிட்டார்கள். கடைசிக் குழியில் நஸ்ரினும் கோயம்புத்தூர் அணியின் தலைவியும். கயிற்றுக்கு வெளியே தூரத்தில் நின்றிருந்த எனக்குத் தலைகள்தான் தெரிந்தன. கோயம்புத்தூர்ப் பெண் பந்தை உருட்டினாள், விழுந்தது. நஸ்ரின் உருட்டினாள், அதுவும் விழுந்தது. மொத்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் நாங்கள் ஓர் அடி முன்னால். மேகலா என் கையைப் பிடித்துக் குதித்தாள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது செல்வராசுவின் முகம்.

கணக்குக் கொடுக்கும் கூடாரத்துக்கு வெளியே இரண்டு பெண்களும் பேசிக்கொண்டு நின்றார்கள். நஸ்ரின் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள்: “உனக்கு நல்லாப் பாதை போட்டுக் குடுத்தேன்ல, அதான் விழுந்துச்சு.” அந்தப் பெண், “என்ன பாதைங்க?” என்று கேட்டிருக்கிறாள். அவள் தன் பந்தின் சரிவைப் பார்க்க எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி நின்ற நேரத்தில், நஸ்ரின் அந்த மேட்டை அமுக்கிவிட்டிருக்கிறாள். சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. இருவரும் என்னிடம் வந்து நடந்ததைச் சொன்னார்கள்.

“சார், அது தப்பா?” என்றாள் நஸ்ரின்.

“தப்புதான்மா. அடுத்தவங்க பாதையையும் வேணும்னு மாத்தக் கூடாது. மாத்துனவங்களுக்கு ரெண்டு அடி கூடும்.”

“கெடுக்கலையே சார். நல்லதுதானே பண்ணேன்?”

“நல்லதுக்கும் அதே ரெண்டுதான்.”

கோயம்புத்தூர்ப் பெண் தவித்துப்போனாள். “சார், விட்டுருங்க சார். நான் பாக்கவே இல்லீங்க. யாருமே பாக்கலீங்க. இவங்க எனக்கு ஒத்தாசை பண்ணுனதுக்கு நாங்க கப் வாங்கிட்டுப் போறதா? எங்க ஊர்ல சிரிப்பாங்க” என்றாள்.

இரண்டு அடி கூட்டினால் நாங்கள் ஓர் அடி பின்னால். கோப்பை போகும், வேன் போகும், அணியே போகும். நஸ்ரினுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். கவிதாவும் மேகலாவும் பத்தடி தள்ளி உட்கார்ந்து, ஜெயித்த சந்தோஷத்தில் ஷூவைக் கழற்றிக் கால்களை நீட்டியிருந்தார்கள். நஸ்ரின் அவர்களைப் பார்த்தாள். அப்புறம் அவர்களிடம் போய்க் குந்தி உட்கார்ந்து ஏதோ சொன்னாள். மேகலா அவள் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “போடி லூசு! அவளுக்கு வேற போயி மெழுகி விட்டியா?” என்று கத்தினாள். பிறகு அவளே, “போ. போயி சொல்லு. சொல்லாம வந்து வேன்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. அதை எவ பாக்குறது?” என்றாள்.

மூன்று பேரும் சேர்ந்தே கூடாரத்துக்குள் போனார்கள். நடுவராக இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். கோயம்புத்தூர்ப் பெண்ணிடம், நீ கேட்டாயா, உனக்குத் தெரியுமா என்று விசாரித்தார். இரண்டுக்கும் இல்லை என்றதும் அவளுக்குத் தண்டனை இல்லை என்றார். நஸ்ரினின் கணக்கில் இரண்டைக் கூட்டினார். “எத்தனையோ வருசமா நடுவரா இருக்கேன். எதிராளிக்குச் சாதகம் பண்ணினதுக்கு இப்பத்தான் முதல் தடவையா தண்டனை கொடுக்கிறேன்” என்றார்.

வத்தலக்குண்டில் வேனை நிறுத்தி டீ குடித்தோம். யாரும் அழவில்லை. “ஆடி மாசம் பூரா மண்டபத்துல இருந்தோம், ஒரு சாப்பாடு போடலையே அந்த மேனேஜரு. அந்தச் சாபம்தான்” என்றாள் கவிதா. அதற்குத்தான் எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் செயலர் கூப்பிட்டனுப்பினார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். “ஆடுனது யாரு? அந்தப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்க” என்றார். “ஏன் தோத்தீங்க?” என்று அவளிடம் கேட்டார். “எனக்கு ரெண்டு அடி தண்டனை போட்டாங்கய்யா” என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். “ஏன் தோத்தீங்க?” அப்போது அவள் சொன்ன பதிலைத்தான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

“நம்மூர்ல அப்படித்தானேன்னா, எப்படி?” என்றார்.

நான் குழாயைப் பற்றியும், பாதையைப் பற்றியும், வாய்க்கால் சண்டையைப் பற்றியும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். “எனக்கு வெளங்கல. வெளங்காத ஒண்ணை நான் மூடவும் மாட்டேன், நடத்தவும் மாட்டேன். சாயங்காலம் காட்டுங்க” என்று எழுந்துவிட்டார்.

சாயங்காலம் அவர் காரிலேயே நானும் நஸ்ரினும் கப்பலூர் போனோம், கவிதாவும் மேகலாவும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். செல்வராசுவும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். “நடக்குறதைப் பாக்கணும்லண்ணே” என்றார், கையிலிருந்த வேன் சாவியைப் பார்த்துக்கொண்டே. மில்லில் ஷிப்டு மாறும் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. செயலர் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, எண்ணெய் மணலில் வெறுங்காலோடு ஏறினார். பிரவுனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எங்கும் அவர் காலடி. உருட்டும் மட்டையை வாங்கி, குடையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு பந்தைக் குழிக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். சுலபமான தூரம்தான். சோணை அண்ணன் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஓரமாக வைத்தார்.

“எனக்கு எதிராளி யாரு?” என்றார் செயலர்.

“நான்தாங்கய்யா” என்று நஸ்ரின் முன்னால் வந்தாள்.

“நீயா? சரி. அப்ப கேட்டுக்கோ. இந்தப் பந்தை நான் குழிக்குள்ள போட்டுட்டா, நான் ஜெயிச்ச மாதிரி. மட்டையெல்லாம் ஸ்டோர் ரூமுக்கு. போடலேன்னா அணி இருக்கட்டும்.”

செல்வராசுகூட, “ஐயா, இது என்னங்கய்யா…” என்று இழுத்தார். கவிதாவும் மேகலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்துக்கும் குழிக்கும் நடுவில், சரியாகப் பாதையின் மேல், செயலரின் குதிகால் அழுந்திய பள்ளம் ஒன்று ஆழமாகக் கிடந்தது. எல்லோருக்கும் அது தெரிந்தது. அதில் விழுந்தால் எந்தப் பந்தும் நேராகப் போகாது.

செயலர் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். மட்டையைத் தரையில் ஊன்றினார். கண்ணாடியைக் கழற்றி, துண்டின் நுனியால் நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“அடிக்கட்டுமா?”

“இருங்கய்யா” என்றாள் நஸ்ரின்.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். குழாயை எடுத்து அவர் பந்தின் முன்னால் மட்டமாக வைத்தாள். இரு கையையும் ஒரே அளவில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தபடி, குதிகால் பள்ளம் நிரம்பி மறையும்படி, குழி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தாள். ஒரு கணம் குனிந்து, சாய்வு ஏதும் விழுந்திருக்கிறதா என்று கண்ணை மட்டத்துக்கு வைத்துப் பார்த்தாள். பிறகு பாதையில் கால் படாமல் சுற்றிக்கொண்டு போய், குழாயை ஓரமாக வைத்துவிட்டு, ஒதுங்கி நின்றாள்.